டிக்கெட் கேட்காத கேலரி: கோவில்பட்டியில் ஒரு மே மாதம்

மே 14, மதுரை

கடைசித் தேர்வு மதியம் ஒரு மணிக்கு முடிந்தது. மாலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். நான் மட்டும் செங்கல்பட்டுக்கு வண்டி ஏறவில்லை. அதற்கு நேர் எதிர்த் திசையில், தெற்கே, அறைத்தோழியின் ஊரான கோவில்பட்டிக்குப் போவதாக வீட்டில் பேசி அனுமதி வாங்கியிருந்தேன்.

முதலாமாண்டு முதல் அவள் ஒரே பாட்டுதான்: "எங்க ஊருக்கு மே மாசம் வா. ஹாக்கி நடக்கும். ஊரே கிரவுண்டுல இருக்கும்." ஊரே ஹாக்கி பார்க்கும் என்பதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஊர்களில் ஊரே பார்ப்பது கிரிக்கெட், இல்லாவிட்டால் பெரிய நடிகரின் படம். ஹாக்கியை நான் ஒழுங்காகப் பார்த்தது ஒரே ஒரு இரவுதான். 2023 ஆகஸ்ட் 12, சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். பாதி நேரத்தில் மலேசியா 3-1 என்று முன்னால் இருந்தது. கடைசியில் இந்தியா 4-3 என்று ஜெயித்தது. அன்று வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அத்தை என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

இரவு தோழியின் சித்தி வீட்டில் தங்கல். மாலையில் கொஞ்சம் நேரம் இருந்ததால் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போனோம். கடலை போட்டு வறுக்கிற மாதிரி வெயில். ஒரு டம்ளர் ஐம்பது ரூபாய். மேலே ஐஸ்கிரீம் கரைவதற்குள் அடியில் இருக்கும் கடல்பாசியையும் சேர்த்துக் கலக்க வேண்டும் என்று கடைக்காரரே கரண்டியை வாங்கிக் கலக்கித் தந்தார்.

பக்கத்தில் நின்று குடித்துக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் சினிமா பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தங்கம் தியேட்டர் தெரியுமாம்மா?" என்றார். எனக்குத் தெரியாது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு திறந்த அரங்கு. 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் சொல்லிக்கொள்வார்களாம். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. "ரெண்டாயிரத்தைந்நூறு பேரு ஒரே நேரத்துல அழுது பாத்திருக்கியா நீ?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த ஆண்டு நான் பார்த்த படங்களில் பாதிக்கு மேல் போனில், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, விடுதிக் கட்டிலில் படுத்தபடி பார்த்தவை. அழுதிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

மே 15, விருதுநகர், அப்புறம் நடுரோடு

மாட்டுத்தாவணியில் ஏறி விருதுநகரில் இறங்கினோம். பரோட்டாவுக்காகவே இறங்கினோம். மற்ற ஊர்களில் பரோட்டாவைக் கல்லில் சுடுவார்கள், இங்கே எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள். சிறிய பரோட்டா, ஓரம் மொறுமொறுவென்று, நடு மட்டும் மெத்தென்று. அதைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஒரு நிமிஷம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். ஒன்று இருபது ரூபாய். நான்கு சாப்பிட்டேன். கூட ஒரு மட்டன் சுக்கா வாங்கிப் பகிர்ந்துகொண்டோம்.

அந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது பரிமாறியவரின் கவனிப்பு. இலையில் சால்னா குறைவது தெரிந்ததும் கேட்காமலே வந்து நிற்பார். "ஊத்தவா தாயி?" என்பார். ஊற்றிய பிறகு ஒரு விநாடி நின்று போதுமா என்று முகத்தைப் பார்ப்பார். எங்களுக்குப் பின்னால் இடத்துக்காக ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அவர்களும் அவசரப்படுத்தவில்லை, இவரும் எங்களைக் கிளப்பப் பார்க்கவில்லை. சென்னையில் சாப்பிடும்போதே நாற்காலிக்குப் பின்னால் வந்து மூச்சு விடுவார்கள்.

சரி, இனி நடந்த கூத்து. விருதுநகரில் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிக் கோவில்பட்டிக்கு டிக்கெட் எடுத்தோம். டிக்கெட் கிழித்துக் கொடுத்து, காசும் வாங்கிப் பையில் போட்ட பிறகு நடத்துநர் சொன்னார், "உள்ள போகாது. பைபாஸ்ல எறங்கிக்கணும்." ஏறும்போதே தோழி கேட்டாள். அப்போது தலையை ஆட்டினார். நான்கு வழிச்சாலை வந்த பிறகு இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இதே பாடுதான் என்கிறாள் தோழி. பஸ் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று ஊருக்குள் நுழையாமல் வெளியே இறக்கிவிட்டுப் போகிறது. அங்கிருந்து ஊருக்குள் போக ஆகும் செலவும் அலைச்சலும் இறங்குகிறவர் தலையில். வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் இப்படி இறக்கிவிடுவது அநியாயம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

வழியில் ஒரே ஆறுதல் எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியில் கிடைத்த சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு. நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, ஜன்னல் வழியாகவே நீட்டினார்கள். இருபது ரூபாய்க்கு ஒரு கட்டு. அப்புறம் இரண்டரை மணி வெயிலில் இறக்கிவிடப்பட்டோம். அக்னி நட்சத்திரம். ஒரு மரம் கிடையாது. இரண்டு பக்கமும் கரிசல் மண், வெடித்துக் கிடந்தது. பெட்டிச் சக்கரம் தார்ச்சாலையில் ஒட்டிக்கொள்ளும் போல இருந்தது.

கொஞ்ச தூரம் நடந்திருப்போம். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. தீப்பெட்டி ஆபீஸில் அரைநாள் வேலை முடிந்து திரும்பும் பெண்கள். ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஆனாலும் உள்ளேயிருந்து ஒரு குரல், "நிறுத்துங்கண்ணாச்சி, பிள்ளைக நடந்து வருது." அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து இடம் பண்ணினார்கள். என் பெட்டியை ஒரு அக்கா மடியில் வாங்கிக்கொண்டார். நான் நன்றி சொல்ல ஆரம்பிக்க, இன்னொருவர் பாட்டிலை நீட்டி, "மொதல்ல தண்ணியக் குடி, பெறகு பேசு" என்றார். இறங்கும்போது ஆட்டோக்காரர் ஆளுக்குப் பத்து ரூபாய்தான் வாங்கினார்.

மே 15, இரவு

தோழியின் வீட்டில் ஆச்சிதான் எல்லாம். வந்ததும் என்னைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ ஒல்லியா இருக்கா, ஆஸ்டல்ல சோறு போடுறாங்களா இல்லியா?" என்று பேத்தியிடம் கேட்டார். இரவுக்குத் தோசையும், கருவாட்டுக் குழம்பும். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் தோசைக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்ற மாட்டோம். இனிமேல் ஊற்றுவோம்.

சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். தெருமுனை டீக்கடையில் ஐபிஎல் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி இருபது, முப்பது பேர் நின்றார்கள். ஒரு சிக்ஸர் போனால் கடைக்குள் ஒரு சத்தம், பின்னாலேயே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சத்தம். டீக்கடை டிவியில் முதலில் வருகிறது, போனில் பார்ப்பவர்களுக்கு அரை நிமிஷம் தள்ளி வருகிறது. அதனால் மாடியில் போனோடு இருந்த தோழியின் தம்பிக்கு விக்கெட் விழப்போவது முன்பே தெரிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு அவனும் டீக்கடைக்கே போய்விட்டான்.

தோழியின் அப்பா தீப்பெட்டித் தொழிலில் இருக்கிறார். 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, என்று சொன்னார். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் என் பள்ளிப் படிப்பு முழுக்க அடக்கம். டீ, பஸ், பேனா என்று எல்லாம் ஏறியபோதும் தீப்பெட்டி மட்டும் ஒரு ரூபாயிலேயே நின்றதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மெழுகு, பாஸ்பரஸ், அட்டை எல்லாம் விலை ஏறிய பிறகும் பொறுத்துப் பார்த்தார்களாம். விலை ஏறியபோது குச்சிகளையும் 36இலிருந்து 50 ஆக்கினார்களாம். இப்போது அவருடைய கவலை சிகரெட் லைட்டர். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடும் என்றார்.

மே 16, கோவில்பட்டி, ஹாக்கி மைதானம்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

காலை ஐந்தரைக்கே தோழி எழுப்பிவிட்டாள். மாலை ஆட்டத்துக்கு முன்பு காலைப் பயிற்சியைப் பார்த்தால்தான் புரியும் என்றாள். தெருவில் இறங்கினால், சைக்கிளில் போகும் பையன்கள் முதுகில் எல்லாம் மட்டை. எங்கள் ஊரில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரிவது போல இங்கே ஹாக்கி மட்டை. ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் உயரத்துக்குச் சமமான மட்டையைத் தோளில் வைத்து அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள்.

கிருஷ்ணா நகர் மைதானம் செயற்கைப் புல்தரை. பயிற்சிக்கு முன்பு தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். பந்து சீராக ஓடவும், விழுந்தால் தோல் உரியாமல் இருக்கவும் தரை ஈரமாக இருக்க வேண்டும். எனக்கு அதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்தது. கிளம்பும்போதுதான் ஆச்சி குழாயடியில் வரிசையாகக் குடம் வைத்துக்கொண்டிருந்தார். இந்த ஊருக்குத் தண்ணீர் எப்போதும் பெரிய விஷயம். குழாயில் வரும் நாளை நாள்காட்டியில் குறித்து வைக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் ஆச்சியிடமே கேட்டேன். அவர் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னார், "பிள்ளைக விழுந்து எந்திரிக்கிற எடம். காயக் கூடாதுல்லா." அதற்கு மேல் அவருக்கு அதில் பேச எதுவும் இல்லை.

மாலை. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி. இரவு விளக்கொளியில் ஆட்டம். வாசலில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. நாங்கள் போனபோதே கேலரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தூக்குவாளியில் தயிர்சாதம் கொண்டு வந்தவர்கள், மில் ஷிப்ட் முடிந்து சட்டையில் பஞ்சு ஒட்டியபடி வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த இளம் அம்மாக்கள். அவித்த கடலை ஒரு பொட்டலம் பத்து ரூபாய். சுக்குக் காபி பத்து ரூபாய். அவ்வளவுதான் மொத்தச் செலவு.

எங்களுக்குப் பின் படியில் ஒரு தாத்தா. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேரனோடு வந்திருந்தார். நான் தோழியிடம் "இப்ப ஏன் விசில் அடிச்சாங்க?" என்று பத்தாவது தடவை கேட்டதும், அவரே குனிந்து விளக்க ஆரம்பித்தார். ஆட்டம் பதினைந்து நிமிஷமாக நான்கு பகுதி. ஆளை ஆட்டத்தின் நடுவிலேயே மாற்றலாம், கிரிக்கெட் மாதிரி அம்பயரைக் கேட்க வேண்டியதில்லை. பச்சை அட்டை காட்டினால் இரண்டு நிமிஷம் வெளியே. கோலுக்குப் பக்கத்தில் தடுக்கும் அணி தப்பு செய்தால் எதிரணிக்குக் கிடைப்பது பெனால்டி கார்னர். அதில் ஓங்கி அடிக்கும் முதல் அடி, கோலுக்குள் இருக்கும் பலகை உயரத்துக்கு மேல் போனால் செல்லாது. ஆனால் மட்டையால் இழுத்து வீசினால் எவ்வளவு உயரமும் போகலாம். அதனால்தான் எல்லோரும் இழுத்து வீசுகிறார்கள். "பாப்பா, பந்தப் பாக்காத. பந்தப் பாத்தா ஒண்ணும் புரியாது. பந்து இல்லாதவன் எங்க ஓடுதான்னு பாரு" என்றார்.

அதை மட்டும் செய்து பார்த்தேன். நம்ப முடியாத மாற்றம். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டமாக ஓடும் கால்கள்தான். இப்போது இடது ஓரத்தில் ஒருவர் யாரும் கவனிக்காமல் மெல்ல முன்னேறுவது தெரிந்தது. அவருக்குப் பந்து போகும் என்று எனக்குத் தோன்றியது, போனது. நான் எழுந்து நின்றுவிட்டேன். கோல் விழுந்தது எனக்குக் கண்ணில் தெரியவில்லை. காதில்தான் விழுந்தது. பலகையில் பந்து மோதும் அந்த 'டொக்' சத்தம். சினிமாவில் காட்டுகிற கோலெல்லாம் எவ்வளவு பொய் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கே பந்து மெதுவாகச் சுழன்று வரும், கோல்கீப்பரின் வியர்வை தெறிக்கும், நாயகியின் கண் விரியும், நடுவில் அம்மாவின் நினைவு வேறு வரும். இங்கே கண்ணை இமைத்தால் முடிந்துவிடுகிறது. தமிழில் கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் குத்துச்சண்டைக்கும் நல்ல படங்கள் வந்துவிட்டன. ஹாக்கிக்கு எனக்குச் சட்டென்று நினைவு வருவது காரைக்கால் மைதானத்தைப் பற்றிய 'நட்பே துணை' ஒன்றுதான், 2019இல் வந்தது. இந்த ஊரில் வந்து ஒருவர் ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும். கதை வாசல்படியில் கிடக்கிறது. மெதுவாகச் சுழலும் பந்து மட்டும் வேண்டாம், அந்தச் சத்தத்தை வையுங்கள்.

தாத்தா சொன்னதில் இன்னொன்று. அவர் சின்ன வயதில் மண் தரைதானாம். மட்டை வாங்கக் காசு கிடையாது. வளைந்த கருவேலங்கிளையாகப் பார்த்து வெட்டி, செதுக்கி, நெருப்பில் வாட்டி எடுத்துக்கொள்வார்களாம். இப்போது பேரன் வயதுப் பையன்கள் விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். அங்கிருந்து போன இருவர், இதே ஊர்க்காரர் மாரீஸ்வரனும் அரியலூரிலிருந்து வந்து இங்கே பழகிய கார்த்தியும், 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக விளையாடினார்கள். வெண்கலம் வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் ஜப்பானுக்கு எதிரான அரையிறுதி 5-0. கடைசி கோல் கார்த்தியுடையது. அந்தத் தொடரின் இறுதி ஆட்டத்துக்குத்தான் நான் வீட்டில் கத்தினேன். அரையிறுதியில் கோல் போட்ட பையன் எந்தத் தரையில் விழுந்து எழுந்து பழகினான் என்று அன்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் பகுதியின் நடுவில் காற்று கிளம்பியது. முதலில் கரிசல் புழுதி, கண்ணைத் திறக்க முடியவில்லை. அப்புறம் பெரிய பெரிய துளியாகக் கோடை மழை. மழைக்கு ஆட்டம் நிற்கவில்லை, மின்னலுக்குத்தான் நிறுத்தினார்கள். எல்லோரும் கூரை இருந்த பக்கத்துக்கு ஓடினோம். சென்னையாக இருந்தால் பாதிப் பேர் வண்டியை எடுத்திருப்பார்கள். இங்கே ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டார். "சளி புடிக்கும்" என்றார், அவ்வளவுதான். கைக்குழந்தைக்காரர்களை உள்பக்கமாக நிறுத்தி, பெரியவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, இளவட்டங்கள் ஓரத்தில் நனைந்தபடி நின்றார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

மழை விட்டதும் ஆட்டம் தொடங்கியது. கடைசி நிமிஷத்தில் தோற்றுக்கொண்டிருந்த அணி ஒரு பெனால்டி கார்னர் வாங்கியது. கேலரி முழுவதும் எழுந்து நின்றது. இரண்டு அணிகளும் வெளி மாநிலத்திலிருந்து வந்தவை, இந்த ஊர்ப் பையன் ஒருவரும் இல்லை. ஆனாலும் தாத்தாவின் கை நடுங்கியது. அடிக்க வந்தவர் இழுத்து வீசினார், கோல்கீப்பர் காலால் தட்டிவிட்டார். தாத்தா இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கை தட்டினார். நான் இவ்வளவு நாள் பார்த்த விளையாட்டில் எல்லாம் ஒரு பக்கம் இருந்தேன். எதிரணி நன்றாக ஆடினால் வயிறு எரியும். ஆட்டத்துக்காகவே ஆட்டத்தைப் பார்க்கும் கூட்டத்தை இன்றுதான் பார்க்கிறேன். இதை எப்படிச் சரியாக எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் எழுதாமல் தூங்கவும் முடியவில்லை.

மே 17, கடலைமிட்டாய், மாலைக் காட்சி

காலையில் கடலைமிட்டாய் போடும் இடத்துக்குத் தோழியின் அப்பா அழைத்துப் போனார். 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் காட்டு நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர், இதுதான் ருசிக்குக் காரணம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பாகு கொதிக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள். உருண்டு நின்றால் பதம். உடனே வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் வெட்ட வராது, உடையும். மேலே தூவும் இளஞ்சிவப்பு, பச்சைத் தேங்காய்த் துருவல் ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். தனியாக எடுத்துத் தின்று பார்த்தேன். கடலையின் காரலை அந்தத் தேங்காய்தான் மெல்ல இழுத்துப் பிடிக்கிறது. அடுப்படியில் நிற்க முடியாத சூடு. அங்கே வேலை செய்பவர்கள் காலை ஆறு மணி முதல் நிற்கிறார்கள். கிளம்பும்போது சூடாக ஒரு பத்தையைக் காகிதத்தில் வைத்துத் தந்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள். நான் ஒரு கிலோ தனியாக வாங்கினேன், 240 ரூபாய்.

மாலையில் குடும்பத்தோடு சினிமா. ஒற்றைத் திரை அரங்கு. டிக்கெட் நூறு ரூபாய். இருபது வருஷத்துக்கு முந்தைய படத்தைத் திரும்பப் போட்டிருந்தார்கள். நான் பிறக்கும் முன்பே வந்த படம், டிவியில் பலமுறை பார்த்தாயிற்று. எதற்கு மறுபடி என்றுதான் நினைத்தேன். ஆச்சி முதல் ஆளாகப் புடவை மாற்றிக்கொண்டு நின்றார்.

பாதிப் படத்தில் ஒலி போய்விட்டது. படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. கத்துவார்கள், சீட்டைக் கிழிப்பார்கள் என்று பயந்தேன். முன்வரிசையில் ஒருவர் நாயகனின் வசனத்தை உரக்கச் சொன்னார். அடுத்த வசனத்தைப் பால்கனியிலிருந்து ஒருவர். வில்லனுக்கு வேறொருவர். நாயகியின் வசனத்துக்கு ஆள் இல்லாமல் ஒரு நொடி அமைதி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி சொன்னார்! அச்சு அசலாக, அதே இழுப்போடு. அரங்கே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. ஐந்து நிமிஷம் இருக்கும், ஒலி திரும்பி வந்தபோது 'ச்சே' என்று ஒரு குரல் ஏமாற்றத்தில் எழுந்தது. மதுரைப் பெரியவர் கேட்டதற்கு இன்றைக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: சேர்ந்து அழுததில்லை, சேர்ந்து வசனம் பேசியிருக்கிறேன்.

போனில் படம் பார்ப்பதை நான் விட்டுவிடப் போவதில்லை. விடுதியில் வேறு வழியும் இல்லை, மாலில் ஒரு படத்துக்கு ஆகும் செலவு எங்கள் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு. பாப்கார்ன் விலையிலேயே இங்கே இரண்டு டிக்கெட் வந்துவிடும். ஆனால் ஒற்றைத் திரை அரங்குகள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமாகவும் ஜவுளிக்கடையாகவும் மாறுவதைப் 'பழசு போய்ப் புதுசு வருகிறது' என்று மட்டும் பார்க்க இனி என்னால் முடியாது. நூறு ரூபாயில் ஆச்சியும் தம்பியும் டீக்கடைக்காரரும் ஒரே இருட்டில் உட்கார வேறு இடம் எங்கே இருக்கிறது? இடைவேளையில் முறுக்கு பத்து ரூபாய், சமோசா பதினைந்து. நன்றாகவே இருந்தது.

மே 18, கழுகுமலை

கழுகுமலைக்கு விடியற்காலைப் பஸ்ஸில் போயிருக்க வேண்டும், எட்டரைக்குத்தான் கிடைத்தது. மலை ஏறும்போதே பாறை சுட்டது. வெட்டுவான் கோயில் பாண்டியர் காலத்தது, எட்டாம் நூற்றாண்டு. மலையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுபோன ஒற்றைக் கல் கோயில். விமானத்தில் இருக்கும் சிற்பங்களின் முகத்தில் அவ்வளவு உயிர், கீழே வெறும் பாறை. ஏன் நின்றது என்பதற்கு அப்பன் மகன் சிற்பிகள் கதை ஒன்று ஊரில் சொல்கிறார்கள். அருகிலேயே சமணச் சிற்பங்கள் பாறை முழுக்க வரிசை வரிசையாக. நின்று பார்க்க ஆசைதான், வெயில் விடவில்லை. கீழே இறங்கிப் பதநீர் குடித்தோம், பனையோலைப் பட்டையில். இருபது ரூபாய். பட்டையைப் பிடிக்கத் தெரியாமல் நான் திணற, பதநீர்க்காரர் மனைவி என் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார், குடித்து முடிக்கும்வரை.

மதியம் முழுக்கத் தூக்கம். மாலையில் மறுபடியும் ஹாக்கி. தாத்தா அதே படியில் இருந்தார், எங்களுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்.

மே 19, கோவில்பட்டி ஸ்டேஷன்

ஆச்சி கட்டிக் கொடுத்தது: புளிச்சோறு, துவையல், கருவாடு ஒரு பொட்டலம், வற்றல் இரண்டு வகை. பெட்டி வந்ததைவிட இரண்டு மடங்கு கனம். நெல்லை எக்ஸ்பிரஸ் வருவதற்கு அரை மணி முன்பே வந்துவிட்டோம்.

நடைமேடையில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளைகள், கையில் மட்டையோடு. பள்ளி அணி. கோடைப் பயிற்சிக்காகச் சென்னைக்குப் போகிறார்கள், கூட அவர்களுடைய உடற்கல்வி ஆசிரியை. ஆட்டம் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஒருத்தி தன் மட்டையை என்னிடம் நீட்டினாள். எனக்கு இடது கைப் பழக்கம். அதற்கேற்ப மாற்றிப் பிடித்தேன். அவள் உடனே என் விரல்களைப் பிரித்து, இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்தாள். "இதுல இடது கை மட்டை கிடையாதுக்கா. எல்லாருக்கும் ஒரே மட்டைதான். தட்டைப் பக்கத்தால மட்டும்தான் அடிக்கணும்." எழுத, சாப்பிட, கத்தரிக்கோல் பிடிக்க, எல்லாவற்றிலும் ஏதாவது ஒருவர் என் கையைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் வந்த எரிச்சல் இப்போது வரவில்லை. மேலே இருக்கும் கைதான் மட்டையைத் திருப்புகிறது, அது இடது கை, எனவே எனக்கு வசதிதான் என்று ஆசிரியை விளக்கினார். உருட்டிப் பார்த்தேன். பந்து சொன்னபடி கேட்டது.

"உங்க காலேஜ்ல பொண்ணுங்க டீம் இருக்கா?" என்று ஆசிரியை கேட்டார். கபடி இருக்கிறது, வாலிபால் இருக்கிறது, ஹாக்கி இல்லை. மைதானம் இருக்கிறது, மண் தரை. "மண்ணு போதும், நாங்கள்லாம் அதுலதான் ஆடுனோம்" என்றார். என் நோட்டில் அவரே எழுதித் தந்தார்: மட்டை ஆளுக்கு ஒன்று, பந்து நான்கு, முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு, பல் காப்பு, கோல்கீப்பருக்குத் தனி உடுப்பு. அது மட்டும் விலை அதிகம், கல்லூரிதான் வாங்கித் தர வேண்டும் என்று கீழே கோடு போட்டிருக்கிறார்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் எங்கள் உடற்கல்வி ஆசிரியையைப் போய்ப் பார்க்கிறோம். பதினோரு பேர் வேண்டும். எங்கள் அறையிலிருந்து இரண்டு பேர் தயார். எதிர் அறையில் வாலிபால் ஆடும் ஒருத்திக்கு ரயிலில் இருந்தே செய்தி அனுப்பினேன். கோல்கீப்பராக நிற்கிறேன், ஆனால் அந்த உடுப்பு வந்த பிறகுதான் என்று பதில் போட்டிருக்கிறாள்.